பிரேரியில் பண்ணை வீடு எடுத்துத் தங்குவது எப்படி: கிராஸ்லேண்ட்ஸ் போகிறவர்களுக்கு

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்கோடியில், அமெரிக்க எல்லையை ஒட்டி கிராஸ்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. பிரேரி எனப்படும் பரந்த, ஏர் படாத புல்வெளி, மேயும் காட்டெருமைகள், வளையிலிருந்து எட்டிப் பார்க்கும் பிரேரி நாய்கள் (நாய் அல்ல, அணில் இனத்துச் சிறு பிராணி), விளக்கு வெளிச்சமே இல்லாத இரவு. குடும்பமாகப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டையோ பண்ணை வீட்டையோ வாடகைக்கு எடுப்பதுதான் வசதி. டிக்கெட் போடுவது, ஏர்பிஎன்பி கணக்குத் திறப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். நகரத்தில் வீடு பிடித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே வீட்டுக்குப் போகிற சாலை, வீட்டுக்கு வரும் தண்ணீர், இந்த இரண்டும் தெரியாமல் படங்களை மட்டும் பார்த்துப் பணம் கட்டக் கூடாது.

படி 1: எந்தப் பக்கம்?

பூங்கா ஒரே துண்டாக இல்லை. மேற்குப் பகுதி, கிழக்குப் பகுதி என்று இரண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெளியே சுற்றித்தான் போக வேண்டும், காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காட்டெருமையும் பிரேரி நாயும் பார்க்க வேண்டுமென்றால் மேற்குப் பகுதி. 2005-இல் எல்க் ஐலண்ட் பூங்காவிலிருந்து கொண்டுவந்த 71 காட்டெருமைகளின் வழிவந்த மந்தை அங்கேதான் மேய்கிறது. அதற்கு வாசல் வால் மரி என்ற கிராமம், நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். கிழக்குப் பகுதியில் அரித்துப்போன களிமண் மேடுகள், புதைபடிவங்கள். 1874-இல் புவியியலாளர் ஜார்ஜ் மெர்சர் டாசன் டைனோசர் எலும்புகளைக் கண்டெடுத்தது அந்தப் பக்கம்தான். முதல் முறை போகிறவர்களுக்கு நான் மேற்கைத்தான் சொல்வேன். இரண்டையும் ஒரே வாரக்கடைசியில் பார்க்க நினைத்தால் காரில்தான் பொழுது போகும்.

படி 2: எந்த மாதம்?

ஜூனில் புல் பச்சையாக இருக்கும், காட்டுப்பூ பூக்கும். ஆனால் உண்ணியும் கொசுவும் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும். புல் காய்ந்துவிட்டால் நெருப்பு மூட்டத் தடை வரும்.

நட்சத்திரம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜூன் வேண்டாம். இந்த அட்சரேகையில் ஜூன் கடைசி வாக்கில் சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் மறையும், மறைந்த பிறகும் வடக்கு அடிவானத்தில் மங்கிய வெளிச்சம் இரவு முழுக்கத் தங்கும். 2009-இல் இருண்ட வானக் காப்பிடமாக, அதாவது செயற்கை வெளிச்சம் கெடுக்காமல் காக்கும் இடமாக, அறிவிக்கப்பட்ட பூங்காவுக்குப் போய், முழு இருட்டைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர், அதிலும் அமாவாசையை ஒட்டிப் போங்கள். என் விருப்பம் செப்டம்பர் முதல் பாதி. கொசு குறைந்திருக்கும், பகல் இதமாக இருக்கும். அறுவடைக் காலம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டுக்காரர் விவசாயி என்றால் நள்ளிரவு வரை வயலில் இருப்பார், நீங்கள் அனுப்பும் செய்திக்கு உடனே பதில் வராது. சாலையை அடைத்துக்கொண்டு அறுவடை இயந்திரம் வந்தால் ஓரங்கட்டிப் பொறுமையாக வழி விடுங்கள்.

படி 3: வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை

தண்ணீர் கிணற்றிலிருந்தா, லாரியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்புவதா? குடிக்கலாமா? தொட்டித் தண்ணீர் என்றால் எட்டுப் பேர் நாள்தோறும் தலைக்குக் குளிக்க முடியாது, முன்பே சொல்லிவிடுங்கள். கிணறு என்றால் மோட்டார் மின்சாரத்தில் ஓடுகிறது. இடி மழையில் மின்சாரம் போனால் தண்ணீரும் போய்விடும். அதனால் போன உடனே ஒரு வாளியும் சில பாட்டில்களும் நிரப்பி வைப்பது நல்லது. கழிவு செப்டிக் தொட்டிக்குப் போகும், ஈரத் துடைப்பான் எதையும் உள்ளே போடக் கூடாது.

அடுத்து சிக்னல். "வைஃபை உண்டா" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த நிறுவனத்தின் சிக்னல், வீட்டுக்குள்ளா, மேட்டில் ஏறினால்தானா" என்று கேளுங்கள். மேற்குப் பகுதியில் ஓடும் ஃபிரெஞ்ச்மேன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் எதுவும் எடுக்காது. மாகாண அரசின் தொலைபேசி நிறுவனமான சாஸ்க்டெல்தான் கிராமப்புறத்தில் நம்பகமானது என்பது என் கருத்து.

பேஸ்மென்ட் எங்கே, அதன் கதவு பூட்டியிருக்குமா என்றும் கேளுங்கள். கோடையில் ஆலங்கட்டி மழையும் சூறாவளி எச்சரிக்கையும் வரும் இடம் இது, அப்போது ஒதுங்க வேண்டியது அங்கேதான்.

படி 4: முகவரியைப் படிப்பது

எங்களைச் சுற்றவிட்டது இந்தப் படிதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். பதிவு உறுதியானதும் வீட்டுக்காரர் தெருப்பெயரோ கதவு எண்ணோ அனுப்பவில்லை. "எஸ்டபிள்யூ 22-3-12 டபிள்யூ3" என்பது போல ஒன்றை அனுப்பினார். (எண்கள் இங்கே பயிற்சிக்காக நான் எடுத்தவை, யார் வீடும் இல்லை.) வரைபடச் செயலியில் போட்டால் கிராமத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது.

இது 1871-இல் தொடங்கிய நில அளவையின் கணக்கு. பிரேரி முழுவதையும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாகப் பிரித்தார்கள். அதுதான் டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன். ஒவ்வொரு செக்‌ஷனிலும் நான்கு கால் பங்குகள், ஒரு கால் பங்கு 160 ஏக்கர்.

இப்போது கடைசியிலிருந்து முன்னால் வாருங்கள். டபிள்யூ3 என்றால் மூன்றாம் மெரிடியனுக்கு, அதாவது 106 டிகிரி மேற்குத் தீர்க்கரேகைக் கோட்டுக்கு, மேற்கே. 12 என்பது அந்தக் கோட்டிலிருந்து மேற்கு நோக்கி எண்ணினால் பன்னிரண்டாவது பத்தி. இதை ரேஞ்ச் என்பார்கள். 3 என்பது அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கு நோக்கி மூன்றாவது டவுன்ஷிப். 22 செக்‌ஷன் எண். எஸ்டபிள்யூ அதன் தென்மேற்குக் கால் பங்கு.

செக்‌ஷன் எண்ணில்தான் தலை சுற்றும். தென்கிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும். அதற்கு மேல் வரிசையில் 7 மேற்கு ஓரத்தில் இருக்கும், அங்கிருந்து கிழக்கே 12 வரை திரும்பி வரும். உழவு மாடு சால் திருப்புவது போல வரிசைக்கு வரிசை திசை மாறி, வடகிழக்கு மூலையில் 36-இல் முடியும். ஆக 22 நான்காவது வரிசை. கீழே இரண்டு முழு டவுன்ஷிப் 12 மைல், மூன்று வரிசை 3 மைல், மொத்தம் எல்லையிலிருந்து 15 மைல் வடக்கு, சுமார் 24 கிலோமீட்டர். இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் செயலி தவறான ஊரைக் காட்டும்போது உடனே பிடித்துவிடலாம்.

நில எண்ணை அட்ச, தீர்க்க ரேகையாக மாற்றித்தரும் தளங்கள் உண்டு, பயன்படுத்துங்கள். ஆனால் அவை அந்த 160 ஏக்கரின் நடுப்புள்ளியைத்தான் தரும், வீட்டு வாசலை அல்ல. வாசல் எந்தச் சாலையில் திறக்கிறது என்று வீட்டுக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வட்டாரத்து அளவையில் சாலைக்கென்று 66 அடி அகலத்துக்கு நிலம் ஒதுக்கிவிட்டார்கள். சஸ்காச்சுவானின் பெரும்பகுதியில் வடக்கு தெற்காக மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று. ஒதுக்கிய இடத்திலெல்லாம் சாலை போட்டார்களா என்றால், இல்லை. வரைபடத்தில் நேர்க்கோடு தெரியும், போய்ப் பார்த்தால் வெறும் புல், நடுவில் ஒரு வேலி. "குறுக்கு வழி, 9 நிமிடம் மிச்சம்" என்று செயலி சொன்னால் கேட்காதீர்கள். சாலையின் தரத்தைத் தனித்தனியாகக் காட்டுவதால் எனக்கு ஆர்கானிக் மேப்ஸ் பிடிக்கும். முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் ஓடும். கூடவே அந்த வட்டாரத்தின் காகித வரைபடம் ஒன்றும் காரில் இருக்கட்டும்.

படி 5: சாலையும் மழையும்

சரளைச் சாலையில் மணிக்கு 60, 70 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். எதிரே லாரி வந்தால் இன்னும் குறைத்து வலதுபக்கம் ஒதுங்குங்கள், கண்ணாடியில் கல் தெறிக்கும். வாடகைக் கார் ஒப்பந்தத்தில் சரளைச் சாலைக்குத் தடை இருக்கிறதா, ஸ்டெப்னி டயர் இருக்கிறதா என்று சாவி வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

சரளைகூடப் போடாத மண் சாலையை உலர்காலச் சாலை என்று குறித்திருப்பார்கள். அந்த மண்ணை உள்ளூரில் கம்போ என்பார்கள். காய்ந்திருந்தால் தார்ச் சாலை போலக் கெட்டி. நனைந்தால் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரமே சுற்றாமல் போகும். நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் பயனில்லை. மழை பெய்தால் வீட்டிலேயே இருந்து, வெயிலும் காற்றும் காய வைக்கும் வரை பொறுங்கள். ஆகவேதான் வீடு தேடும்போதே கேட்கச் சொல்கிறேன்: "மழை பெய்தாலும் உங்கள் வாசல் வரை சரளை உண்டா?" இல்லை என்றால், எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் வேறு பாருங்கள்.

காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும் சூடான புகைக்குழாய் தீப்பிடிக்க வைக்கும்.

படி 6: கிளம்பும் நாள்

ரெஜைனாவிலிருந்து ஸ்விஃப்ட் கரன்ட் சுமார் 245 கிலோமீட்டர், அங்கிருந்து நான்காம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே வால் மரிக்குச் சுமார் 120. ஸ்விஃப்ட் கரன்ட்டில் பெட்ரோலை முழுதாக நிரப்பி, அரிசி, பருப்பு, காய்கறி, குடிநீர் எல்லாம் வாங்கிவிடுங்கள். சிற்றூர்களில் சில பெட்ரோல் பங்க்குகள் கார்ட்லாக் வகை, உறுப்பினர் அட்டை இல்லாமல் ஊற்றாது. பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேருங்கள், இருட்டினால் சாலையில் மான் குறுக்கே வரும்.

எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். வணக்கம் சொல்கிறார், நீங்களும் தூக்குங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், வழியில் மூடியிருந்த கேட்டைத் திறந்து போகலாமா என்று கேட்டார். வீட்டுக்காரர் அந்த வழியைச் சொல்லியிருந்தால் போகலாம். எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும்: மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்தபடி. சாலையின் குறுக்கே இரும்புக் குழாய்கள் பதித்திருந்தால் அது டெக்சாஸ் கேட். மாடு தாண்டாது, கார் தாண்டும், மெதுவாக ஓட்டுங்கள்.

இன்னொருவர் குழந்தைகளோடு போவதாக எழுதியிருந்தார். காட்டெருமையிடமிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ரேட்டில் என்ற விஷப்பாம்பு உண்டு, பிரேரி நாய் வளைகளுக்குள் யாரும் கையை விடக் கூடாது. கணுக்காலை மூடும் ஷூ எல்லோருக்கும் கட்டாயம்.