ஜிகினா வாழ்த்து அட்டை: கெடுவது பசையில்தான்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க அட்டையும் கத்தரியும்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் பொங்கல் வாழ்த்து செய்யப் பழக வருவார்கள். வருடா வருடம் ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. எல்லாம் நான் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துகள். எழுத்துப்பிழை, கோணல் மடிப்பு எல்லாம் யாரும் சொல்லாமலே கண்ணில் படும், அவற்றை விட்டுவிடுகிறேன். பணத்தையும் பொறுமையையும் தின்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

சார்ட் பேப்பரில் செய்வது

வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று பள்ளிக்கூட சார்ட்டை வெட்டிக்கொண்டு வருவார்கள். ஈரப்பசை பட்டதும் அது சுருண்டுகொள்ளும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் அட்டை வாங்குங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். நாம் ஜெராக்ஸுக்குப் போடும் தாள் 70, 80தான் இருக்கும். சென்னைக்காரர்களுக்குக் கவலையில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கேட்டால் எந்தக் கனத்திலும் எடுத்துப் போடுவார்கள்.

அட்டையை மடிப்பதற்கு முன் இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, மடிப்பு அந்தப் பக்கமே விழட்டும். காகித நார் ஓடும் திசைக்கு, அதாவது இழைக்கு, குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடித்து நார் தெரியும். மை தீர்ந்த பேனா ரீஃபிலால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் நேராக வரும்.

தமிழ் எழுத்தை அப்படியே வெட்டுவது

ஸ்டென்சில் என்பது உருவத்தையோ எழுத்தையோ ஓட்டையாக வெட்டிய தாள். அதை அட்டைமேல் வைத்து, ஓட்டை வழியாகப் பசை ஒற்றித்தான் ஜிகினா தூவுவோம். ஸ்டென்சிலைச் சொந்தமாக வெட்ட ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் தாள்) நன்றாக இருக்கும். பழைய எக்ஸ்ரே இருந்தால் இன்னும் நல்லது (இப்போது எக்ஸ்ரேகூட வாட்ஸ்ஆப்பில் வந்துவிடுகிறது, என்ன செய்ய). ‘வாழ்த்து’ என்று தடிமனாக எழுதிக் கட்டரால் வெட்டிக்கொண்டே வந்தால், ‘வ’வின் வயிற்றுக்குள் இருக்கும் துண்டு பொத்தென்று கீழே விழுந்துவிடும். ‘க’, ‘த’ இரண்டுக்கும் இதே கதி. சுழி உள்ள எழுத்தில் எல்லாம், உள்துண்டைப் பிடித்துக்கொள்ள 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பாலம் விட்டு வெட்டுங்கள். பாலம் விட்ட இடத்தை அப்புறம் மெல்லிய பிரஷ்ஷால் பசை தொட்டு நிரப்பிக்கொள்ளலாம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது வெறும் ஓட்டைதான்.

பசையை அள்ளி அப்புவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஜிகினா உதிர்ந்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும். அதனால் பசையை வாரிப் போடுகிறார்கள். அதுவும் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, பிரஷ்ஷால் ஸ்டென்சில் ஓரத்தை நோக்கித் தள்ளித் தள்ளி. நீர்த்த பசை ஸ்டென்சிலுக்கும் அட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் தானாக ஊர்ந்து போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்டென்சிலைத் தூக்கினால்தான், கரும்புக்குக் கணுவுக்குக் கணு தாடி முளைத்திருப்பது தெரியும்.

ஸ்டென்சிலை எடுக்காமலே ஜிகினாவைத் தூவிக் காயவைப்பவர்கள் வேறு. காய்ந்த ஃபெவிகால் ஒரு பிளாஸ்டிக் படலம். அட்டையையும் ஸ்டென்சிலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிரிக்கும்போது உருவத்தின் ஓரமும் பிய்ந்து வரும்.

போன வருடம் வந்த ஒரு பெண், அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்டு ஐவரி அட்டையோடு வந்தாள். பானையும் கரும்பும் உள்ள ஸ்டென்சில், நல்ல விலை கொடுத்து வாங்கியது. முதல் அட்டை அருமையாக வந்தது. அந்த உற்சாகத்தில், ஸ்டென்சிலின் அடியைத் துடைக்காமலே அடுத்தடுத்த அட்டையில் வைத்துக்கொண்டு போனாள். “அக்கா, பாருங்களேன், தானா ஷேடு விழுது!” என்று காட்டினாள். ஷேடாவது ஒன்றாவது, அடியில் ஒட்டியிருந்த பசை அட்டையில் பட்டு, அங்கெல்லாம் ஜிகினா பிடித்திருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்துக் கிளம்பிவிட்டாள். மறுநாள் காலையில் போன். “எல்லாம் ஒட்டிக்கிச்சுக்கா.” பிரித்துப் பார்த்தால், மேல் அட்டையின் முதுகுத்தோல் கீழ் அட்டையின் பானைமேல் உரிந்து கிடக்கிறது. ஸ்டென்சிலிலோ பசை காய்ந்து, கரும்பின் மெல்லிய இலைகள் எல்லாம் அடைத்துப்போயிருந்தன. அட்டை, ஜிகினா, ஸ்டென்சில், மூன்றும் போச்சு.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? முதலில் மாஸ்கிங் டேப்பால் ஸ்டென்சிலை அசையாமல் ஒட்டுங்கள். டேப்பை ஒருமுறை துணியில் ஒட்டி எடுத்துவிட்டு ஒட்டினால் அட்டையின் தோலை உரிக்காது. பாத்திரம் துலக்கும் பஞ்சில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, தண்ணீர் கலக்காத ஃபெவிகாலில் லேசாகத் தொட்டு, பழைய தாளில் நாலைந்து முறை ஒற்றுங்கள். தாளில் பஞ்சின் துளைகள் புள்ளி புள்ளியாகப் பதிய வேண்டும். வெள்ளையாக வழவழவென்று படிந்தால் பசை இன்னும் அதிகம், மறுபடி ஒற்றுங்கள். அப்புறம்தான் ஸ்டென்சில். செங்குத்தாக ஒற்ற வேண்டும், இழுக்கக் கூடாது.

ஒற்றி முடித்ததும் ஸ்டென்சிலை நேராகத் தூக்கித் தண்ணீர்த் தட்டில் போட்டுவிட்டு, அட்டையில் ஈரம் இருக்கும்போதே தூவுங்கள். மெல்லிய பூச்சு சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் ஓர் அட்டையை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. இன்னொன்று, எவ்வளவு கொட்டினாலும் பசையைத் தொடுகிற முதல் அடுக்குதான் ஒட்டும். மேலே குவிந்தது வாங்குபவர் வீட்டுச் சோபாவில்தான் உதிரும். நடுவில் மடித்து விரித்த தாளின்மேல் வைத்துத் தூவினால், மிஞ்சியதை அந்த மடிப்பு வழியாகவே டப்பாவில் திரும்பக் கொட்டலாம். அட்டைகளை அடுக்காமல் ராத்திரி முழுக்கப் பரப்பி வையுங்கள். காலையில் காய்ந்த பிரஷ்ஷால் ஒருமுறை துடைத்துவிட்டால் போதும். அடுத்த அட்டைக்கு முன் ஸ்டென்சிலைக் கழுவித் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே வடிவத்தில் இரண்டு ஸ்டென்சில் இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்று ஓடும்.

மின்விசிறி

நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

வாழ்த்துச் செய்தியைக் கடைசியில் எழுதுவது

முதலிலேயே எழுதிவிடுங்கள். ஜிகினாத் துணுக்கு ஒன்று பேனா முனையில் ஏறினால் அந்தப் பேனாவை மறந்துவிட வேண்டியதுதான்.

ஹேர் ஸ்ப்ரே அடித்து ஒட்டவைப்பது

வேண்டாம்.

ஜிகினாக் கையைத் தொட்டியில் கழுவுவது

பெரும்பாலான ஜிகினாத் தூள் என்பது அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் தாளைப் பொடியாக நறுக்கியதுதான். தண்ணீரில் கரையாது, சாக்கடை வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் ஜிகினாத் தூளை உதிரியாக விற்கவே தடை போட்டுவிட்டது. கையை முதலில் ஈரத்தாளால் துடைத்து, அந்தத் தாளைக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் ஜிகினாக் கையோடு கண்ணைத் தேய்க்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறைக்குள் அப்படியே திணிப்பது

தபாலில் போகிற அட்டை வழி நெடுக உரசிக்கொண்டே போகும். ஜிகினா உள்ள பக்கத்தின்மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்து உறையில் போடுங்கள். எடையையும் பாருங்கள். 300 ஜிஎஸ்எம்மில் முழு ஏ4 அட்டையை மடித்தால் அதுவே கிட்டத்தட்ட 19 கிராம். உறை, பசை, ஜிகினா எல்லாம் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டும், ஸ்டாம்ப் செலவும் கூடும். ஏ4ஐப் பாதியாக வெட்டி மடித்தால் அட்டை 10 கிராமுக்குள் அடங்கிவிடும், ஒரு தாளில் இரண்டு அட்டையும் கிடைக்கும். ஸ்டாம்ப் ஒட்டும் முன் தபால் நிலையத்தில் ஓர் அட்டையையாவது எடை போட்டுப் பாருங்கள்.