சர்நேம் ஒண்ணுன்னா சொந்தம்னு ஆயிடாது: நேட்டால் கப்பல் லிஸ்ட்ல தேடுறவங்க பண்ற தப்புகள்

போன மாசம் ஒரே வாரத்துல ரெண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்விய அனுப்பியிருந்தாங்க. தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற குடும்பம், சர்நேம் பிள்ளே, அந்தக் காலத்துல இங்கேந்து நேட்டாலுக்கு (டர்பன் இருக்கற பகுதி) ஒப்பந்தக் கூலியா கப்பல்ல போனவங்க லிஸ்ட்ல போட்டு தேடினா ஒரு பெரிய கூட்டமே வருது, இதுல எங்க கொள்ளுத்தாத்தா யாருன்னு கண்டுபிடிச்சு சொல்லுங்கன்னு. படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு எரிச்சலும் வந்துச்சு, ஏன்னா எட்டு வருஷம் முன்னாடி நான் பண்ணினது அச்சு அசல் இதேதான். ஃபைல் திறக்கல, பாஸ்வேர்ட் மறந்துட்டேன் மாதிரி சமாச்சாரத்தெல்லாம் விட்டுடறேன், அத நீங்களே பாத்துப்பீங்க.

சர்நேம் டைப் பண்ணி ஆரம்பிக்கறது

1860 நவம்பர் 16ஆம் தேதி 342 பேரோட ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேந்து டர்பன் போய்ச் சேந்துச்சு. அதுலேந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா போனவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலனியல் நம்பர் (அங்க இருந்த அரசாங்கம் குடுத்த பதிவு எண்), மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல. இதுல கிட்டத்தட்ட யாருக்குமே இன்னிக்கு நாம சொல்ற அர்த்தத்துல சர்நேம் கிடையாது. பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கற அடையாளம், அவ்வளவுதான். நீங்க பிள்ளேன்னு தேடும்போது மாட்டறது ஜாதிக் கட்டம். பிள்ளை பிள்ளே ஆனது, நாயுடு நாயுடூ ஆனது, முதலியார் மூட்லி ஆனது, கவுண்டர் கவுண்டன், கோவெண்டர்னு ஆனது எல்லாம் அங்க போனப்புறம் ஆபீஸ்ல பேர் பதியும்போது. அதனால டர்பன்ல ரெண்டு பேரு கோவெண்டர்னா அவங்களுக்குள்ள இருக்கற உறவு, இங்க ரெண்டு பேரு கவுண்டர்னா இருக்கற உறவுதான். அதாவது ஒண்ணும் இருக்கணும்னு அவசியமில்ல.

இன்னொரு பக்கம் பாத்தா, கூடப்பொறந்த அண்ணன் தம்பிக்கே வேற வேற சர்நேம் இருக்கும். ஒருத்தர் ஜாதிப் பேரக் குடுத்திருப்பாரு, இன்னொருத்தர் அப்பா பேரக் குடுத்திருப்பாரு, க்ளார்க் காதுல என்ன விழுந்துச்சோ அத எழுதியிருப்பாரு.

பேர் மேட்ச் ஆயிடுச்சுன்னு அங்கயே நிறுத்தறது

இத நெனச்சா எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

ஒரு குடும்பம், சர்நேம் மூன்சாமி. நம்ம முனுசாமிதான். அவங்க கைல இருந்தது மூணே தகவல்: வட ஆற்காட்டுப் பக்கம், 1890கள்ல கப்பல் ஏறினாரு, அப்போ இளவயசு. நான் லிஸ்ட்ல பேர் கட்டத்துல முனுசாமிய எத்தன ஸ்பெல்லிங் உண்டோ அத்தனையும் போட்டு சலிச்சு கடைசியா ஒரு ரோவுக்கு வந்து நின்னேன். வயசு 22, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர், வருஷமும் சரி. கிடைச்சிட்டாருன்னு ராத்திரி ஒரு மணிக்கு அவங்களுக்கு மெசேஜ் போட்டேன். அடுத்த ஆறு வாரம் அந்த ஒத்த ரோ மேல மூணு தலைமுறைக்கு ஃபேமிலி ட்ரீ கட்டினேன், சம்பந்தமில்லாத யாரோட எஸ்டேட் ஃபைலுக்கெல்லாம் (இறந்தவரோட சொத்து பத்தின ஃபைல்) காசு கட்டி காப்பி வாங்கினோம், அவங்க குடும்பமா டிக்கெட் போட்டு அந்த கிராமத்துக்கே வந்து இறங்கிட்டாங்க. ஊர்ல ஒரு பெரியவரு ஆமா எங்க பாட்டனோட தம்பி ஒருத்தரு கப்பல்ல போனாருன்னு வேற சொல்லிட்டாரு. அந்தப் பக்கத்துல எந்த ஊர்ல கேட்டாலும் அப்படி ஒருத்தர் போயிருப்பாரு, அது எனக்கு உறைக்கல. எல்லாரும் அழுதாங்க, கோயில் வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

தென்னாப்பிரிக்கா திரும்பினப்புறம் அவங்க அத்தை வீட்டுப் பெட்டிலேந்து ஒரு பழைய கல்யாணப் பதிவுத் தாள் வந்துச்சு. மூலைல மங்கின பென்சில்ல காலனியல் நம்பர். அந்த நம்பரப் போட்டா வர்ற ஆளோட பேரு முனுசாமியே இல்ல, சின்னத்தம்பி. முனுசாமிங்கறது அவர் பேருக்குப் பக்கத்துக் கட்டத்துல இருந்த அப்பா பேரு! ஊர் குடியாத்தம் பக்கம். அடையாளம்னு எழுதியிருந்தது, வலது முன்கைல தீக்காயத் தழும்பு.

இப்போ எரிச்சல் எங்கன்னா, அந்தத் தழும்பு விஷயத்த அவங்க மொத நாளே என்கிட்ட சொன்னாங்க. தாத்தா கைல சுட்ட தழும்பு இருக்கும்னு. நான் புடிச்ச போளூர் முனுசாமிக்கு என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா, நெஞ்சுல மச்சம். ரெண்டும் என் கண்ணு முன்னாடி இருந்துச்சு, சேத்துப் பாக்கத் தோணல, ஏன்னா பேர் மேட்ச் ஆன சந்தோஷத்துல நான் அதுக்கப்புறம் படிக்கறதையே நிறுத்திட்டேன். போளூர் ஊர்லேந்து ஒரு பாட்டி இன்னமும் அவங்களுக்கு வாட்ஸ்அப்ல பொங்கல் வாழ்த்து அனுப்புறாங்களாம், இவங்களும் பதில் போடுறாங்க, நான் வாயத் திறக்கறதில்ல.

அதனால பேரப் புடிச்சுத் தொங்காதீங்க, நம்பரப் புடிங்க. கடைசியா இறந்தவர்லேந்து பின்னாடி நடக்கணும். எஸ்டேட் ஃபைல்ல இருக்கற டெத் நோட்டீஸ்ல அப்பா அம்மா பேரு, பசங்க பேரெல்லாம் இருக்கும் (எழுதிக் குடுத்தது துக்கத்துல இருந்த ஒரு சொந்தக்காரரு, தப்பும் இருக்கும்). பழைய பிறப்பு, கல்யாணப் பதிவுகள்ல அப்பா அம்மாவோட காலனியல் நம்பர் இருக்க வாய்ப்பு உண்டு. நம்பர் கைக்கு வர்றவரைக்கும் கிராமத்துக்கு டிக்கெட் போடாதீங்க.

மெட்ராஸ்னு இருந்தா மெட்ராஸ்னு நம்பறது

கப்பல் ஏறின துறைமுகம் அது. ஊர் இல்ல.

இன்னிக்கு மேப்ப வச்சு அன்னிக்கு ஜில்லாவத் தேடுறது

வட ஆற்காடுன்னதும் வேலூர், ஆரணின்னு மட்டும் பாக்கறோம். 1911 வரைக்கும் அந்த ஜில்லாவுக்குத் தலைநகரே சித்தூர். இன்னிக்கு ஆந்திரால இருக்கற பலமநேர் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. கிராமம் கிடைக்கலன்னா எல்லைக்கு அந்தப் பக்கமும் பாருங்க, அப்புறம் ஸ்பெல்லிங்க வாய்விட்டு சத்தமா படிச்சுப் பாருங்க. ஒரு ஊர் பேரு புரியாம ரெண்டு நாள் முட்டிக்கிட்டிருந்தேன், எங்கம்மா காதுல விழுந்ததும் அடுப்படிலேந்தே வந்தவாசிடான்னாங்க.

ஒரு ரோவ மட்டும் பாத்துட்டு மூடறது

பொண்டாட்டி, பசங்க, கூட வந்த தம்பி எல்லாம் பல சமயம் அடுத்தடுத்த நம்பர்ல இருப்பாங்க. மேல இருபது ரோ, கீழ இருபது ரோ கண்டிப்பா படிங்க. பொம்பளைங்களத் தேடும்போது சர்நேம் சுத்தமா உதவாது, அம்மாள்ங்கறது ஒரு தாள்ல இருக்கும், இன்னொண்ணுல இருக்காது, அதனால புருஷன் நம்பருக்குப் பக்கத்துல துழாவறதுதான் வேகமான வழி.

அடுத்தவங்க போட்ட ட்ரீய அப்படியே காப்பி அடிக்கறது

அது நான் போட்டதா கூட இருக்கலாம்.

ஆன்லைன்ல வரலன்னா ஆவணமே இல்லன்னு முடிவு பண்றது

தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தோட ஆன்லைன் தேடல்ல வர்றது வெறும் இன்டெக்ஸ், நேட்டால் தாள் பெரும்பாலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல பெட்டிக்குள்ள இருக்கு. இன்டெக்ஸ்ல ஒரு வரி கிடைச்சா டெப்போ (எந்தக் காப்பகம்), சோர்ஸ் (எந்த ஆபீஸ் தொகுப்பு), வால்யூம், ரெஃபரன்ஸ் நாலையும் அப்பவே எழுதிக்கோங்க. நான் பேரு தெரியற இடத்த மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், முப்பத்தேழு இருக்கு போன்ல, எது எந்த ஃபைல்னு ஒண்ணுலயும் தெரியாது.