சிரட்டைப் புகையிலிருந்து அமிலமும் தாரும் எடுக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்னை செழித்த ஈத்தாமொழி வட்டாரத்தில் சிரட்டையைக் குழியிலிட்டுக் கரி சுடும்போது, கரியின் எடைக்கு ஏறத்தாழ இணையான திரவப்பொருள் புகையாகக் காற்றில் கலந்து வீணாகிறது. அதே மாவட்டத்தின் குலசேகரம், அருமனைப் பகுதிகளில் ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலத்தை விலைகொடுத்து வாங்குகிறோம். அந்தப் புகையிலுள்ள அசிட்டிக் அமிலமும் பாலை உறைய வைக்கும் என்பதால், அதைப் பிடித்து வைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். படர்தாமரைக்குப் பூசும் சிரட்டைத் தைலத்தைச் சித்த மருத்துவர்கள் குழித்தைலமாக இறக்குவதும், காற்றுப் புகாமல் சூடாக்கிச் சிதைக்கும் இதே வினைதான்.

முதலில் சிரட்டையைத் தும்பு நீக்கி, சிறு துண்டுகளாக உடைத்து, நன்றாக உலர்த்த வேண்டும். இரு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் இதில் கவனம் குறைந்தால், ஈரமெல்லாம் நீராக இறங்கி அமிலத்தை நீர்க்கச் செய்துவிடும்.

உலர்ந்த சிரட்டையை இரும்பு டிரம்மில் நிரப்பி, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி, வெளியிலிருந்து தீயிடுங்கள். மூடியிலிருந்து சரிந்து இறங்கித் தண்ணீர்த் தொட்டி வழியே செல்லும் குழாய் துருப்பிடிக்காத எஃகால் ஆனதாக இருக்கட்டும். சாதாரண இரும்பை அமிலம் அரித்துவிடும். குழாயின் முனை, கீழே பாத்திரத்தில் சேரும் திரவத்தில் மூழ்கினால், தீ தணியும்போது திரவம் டிரம்முக்குள் உறிஞ்சப்படும். குழாய் தாரால் அடைபட்டாலோ டிரம் வெடிக்கக்கூடும். மிஞ்சும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால், திறந்தவெளியில் மட்டுமே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

வெப்பத்தை நிதானமாக ஏற்றுவதில்தான் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 200 டிகிரி செல்சியஸ் வரை வருவது பெரும்பாலும் நீராவி. சுமார் 220 முதல் 315 டிகிரிக்குள், சிரட்டையின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான ஹெமிசெல்லுலோஸ் சிதையும்போது, அதிலுள்ள அசிட்டைல் தொகுதிகள் பிரிந்து அசிட்டிக் அமிலமாகின்றன. 400 டிகிரிக்குள் செல்லுலோஸ் சிதைகிறது. சிரட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக உள்ள லிக்னின், நெடிய வெப்ப எல்லையில் மெல்லச் சிதைந்து பீனால், குவையகால் போன்றவற்றைத் தருகிறது. 450 டிகிரிக்கு மேல் செல்வதை நான் விரும்புவதில்லை; தாரில் தீங்கான பல்வளையச் சேர்மங்கள் கூடும். டிரம் முழுதும் ஆறும் முன் திறந்தால் கரி பற்றிக்கொள்ளும்.

சேர்ந்த திரவத்தை மூன்று மாதமாவது அசையாமல் வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலமும் அடியில் தாரும் பிரிந்து நிற்க, நடுவே தெளியும் அமிலநீரை மட்டும் சிறு குழாயால் இறக்க வேண்டும். இதில் மெத்தனால் கலந்திருப்பதால் வாயில் வைக்கவே கூடாது. குழாயையும் வாயால் உறிஞ்சக் கூடாது.

வலிமையறிய, 10 மில்லி அமிலநீரில் 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை, அமிலம் முழுதும் நடுநிலையாகும்வரை சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். நிறம் அடர்ந்திருப்பதால் நிறங்காட்டியைவிட, அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டர் நம்பகமானது. செலவாகும் ஒவ்வொரு மில்லிக்கும் 0.06 கிராம் அசிட்டிக் அமிலம் எனக் கணக்கிட்டால், 12 மில்லி செலவானபோது வலிமை 7.2 சதவீதம்.

ரப்பரில் சோதிக்க, வடிகட்டி நீர் சேர்த்த பாலை இரு தட்டுகளில் சமமாக ஊற்றி, ஒன்றில் வழக்கமான ஃபார்மிக் அமிலத்தையும் மற்றதில் இந்த அமிலநீரையும், பிஎச் 5-க்குச் சற்றுக் கீழே இறங்கும்வரை சிறிது சிறிதாகச் சேருங்கள். பீனால் வகைகள் ஷீட்டில் பூசணம் பிடிப்பதைக் குறைக்கும். ஆனால் ஷீட் பழுப்பேறும். நிறம் பார்த்துத் தரம் பிரிக்கும் வியாபாரியிடம் இரண்டையும் காட்டி விலை கேட்ட பிறகே, ஒரு நாள் பால் முழுவதற்கும் இதைப் பயன்படுத்துங்கள்.