தில்லிக்குப் படிக்கப் போகும் தமிழ் மாணவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2022 முதல் இளங்கலைச் சேர்க்கை பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அந்தத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது, எந்தக் கல்லூரியைக் கேட்பது, விடுதி கிடைக்குமா, குளிருக்கு என்ன வாங்குவது என்றெல்லாம் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் யாரோடு வாழப்போகிறோம் என்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரே வகுப்பில் மிசோரம், பீகார், காஷ்மீர், கேரளம் என நாலா பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு நம்மில் பலருக்கு வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ளாமலேயே பட்டம் வாங்கித் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. எதிரே இருப்பவரை ஒரு மாநிலத்தின் பிரதிநிதியாகப் பார்க்கிறோம்; கேட்டால் நாமும் அப்படியே பிரதிநிதியாக நின்றுகொள்கிறோம்.

‘இந்திக்காரர்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது

‘மதராஸி’ என்று அழைத்தால் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் விந்திய மலைக்கு அப்பால் இருப்பவர்கள் எல்லோரையும் நாம் எப்படி அழைக்கிறோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சுமார் 52.8 கோடிப் பேரை இந்தி பேசுவோர் என்று காட்டுகிறது. அந்தக் கணக்குக்குள் போஜ்புரி, ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் அடங்கியிருக்கின்றன. போஜ்புரியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் மட்டுமே 5 கோடிப் பேர். ஆனாலும் அங்கீகரிக்கப்பட்ட மொழிகளைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் அதற்கு இடமில்லை. மைதிலிக்கே 2003இல் செய்யப்பட்ட 92ஆவது திருத்தத்தில்தான் இடம் கிடைத்தது. சந்தாலி, போடோ, டோக்ரி மூன்றும் அதே திருத்தத்தில்தான் உள்ளே வந்தன.

பீகாரின் தர்பங்காவிலிருந்து வந்த அறைத்தோழர் அம்மாவிடம் தொலைபேசியில் மைதிலியில் பேசுவார், உங்களிடம் இந்தியில் பேசுவார், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுவார். மொழி விஷயத்தில் அவருடைய பாடு உங்கள் பாட்டைவிட எளிதானது என்று எண்ணிவிடாதீர்கள். ராஞ்சிப் பக்கத்து உராவ் பழங்குடி மாணவர் வீட்டில் பேசும் குருக் மொழி தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவருடைய வகுப்புத் தோழர் சந்தால் இனத்தவராக இருந்தால், அவர் மொழிக்கென்று பண்டித ரகுநாத் முர்மு 1925இல் உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்து இருக்கிறது. மொழிப்பற்று தமிழருக்கு மட்டுமே வாய்த்தது என்று நினைப்பவர்கள் இந்த வரலாறுகளில் ஒன்றையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வடகிழக்கு விஷயத்தில் நம் அறியாமை இன்னும் மோசம். எட்டு மாநிலங்களுக்கும் ஒரே பெயர், ஒரே முகம், ஒரே சமையல் என்று வைத்துக்கொள்கிறோம். மேகாலயாவின் காசி மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம், மிசோ திபெத்திய-பர்மியக் குடும்பம், அசாமியம் வங்காளத்துக்கு நெருங்கிய உறவு. காசி மக்களிடம் குலம் தாய்வழியில் வருகிறது. குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது. நாகாலாந்தின் ஆட்சிமொழி ஆங்கிலம். 2014 ஜனவரியில் அருணாச்சலப் பிரதேசத்து மாணவர் ஒருவர் தில்லி லஜ்பத் நகரில் தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அதன்பின் அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, வடகிழக்கின் வரலாறும் பண்பாடும் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. தெரியாமல் பேசுகிறோம் என்று நாம் லேசாக எடுத்துக்கொள்வது கேட்பவருக்கு எங்கே போய் வலிக்கும் என்பதற்கு அந்த மரணம் போதும்.

‘அது நம்ம பொங்கல் மாதிரிதான்’

இது நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. அதனால்தான் யாரும் திருத்துவதில்லை. ஜனவரி நடுவில் அசாம் மாணவர்கள் மாக் பிஹு கொண்டாடுவார்கள். விவரம் சொல்ல அவர்கள் ஆரம்பித்ததுமே நம் ஆள் குறுக்கே புகுந்து, “ஓ, எங்கள் பொங்கல்!” என்று முடித்துவிடுவார். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பேசவிட்டிருந்தால் என்னென்ன வந்திருக்கும்! முந்தைய நாள் இரவுக்கு உருக்கா என்று பெயர். வயல்வெளியில் வைக்கோலும் மூங்கிலும் கொண்டு பேலாகர் என்ற குடிசை கட்டி, ஊரோடு கூடிச் சமைத்து உண்பார்கள். விடியற்காலையில் குளித்துவிட்டு மேஜி என்ற உயரமான சொக்கப்பானைக்குத் தீ வைப்பார்கள். நாமோ புதுநெல் அரிசியைப் பானையிலிட்டுச் சூரியனுக்குப் படைக்கிறோம். இரண்டும் அறுவடையை ஒட்டியவை என்பது சரி. இரண்டும் ஒன்று என்பது சரியில்லை. அசாமில் பிஹு மூன்று. அக்டோபரில் வரும் காத்தி பிஹுவில் விருந்தே கிடையாது. களஞ்சியம் காலியாகி, பயிர் இன்னும் விளையாமல் நிற்கும் நேரம் அது. துளசி மாடத்திலும் வயல் வரப்பிலும் விளக்கேற்றி விளைச்சலுக்காக வேண்டிக்கொள்வார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டதும் நெஞ்சில் ஏதாவது ஓடும். ‘நம்ம பொங்கல்’ என்று கதவைச் சாத்தியவருக்கு அது கிடைக்காமலே போகிறது.

ஒற்றுமையைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். முதலில் அவர்களைச் சொல்லவிடுங்கள்.

சாப்பாட்டு வாசனைக்கு முகம் சுளிப்பது

2007இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்காக வெளியிட்ட கையேடு ஒன்று, மூங்கில் குருத்து, அகுனி போன்ற வாசனை அடிக்கும் உணவுகளை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் சமைக்கச் சொல்லி அறிவுரை கூறியது. அகுனி என்பது நாகர்கள் புளிக்கவைத்துச் செய்யும் சோயா மொச்சை. கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த மாணவர்களின் நிலைமை புரிந்திருக்க வேண்டும். விடுதியில் அப்படி ஒரு புகார் எழும்போது அவர்கள் பக்கம் போய் நில்லுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘தென்னிந்தியர் என்றால் சைவம், இட்லி, சாம்பார்’ என்று யாராவது சொல்லும்போது சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் மிகப் பெரும்பான்மையோர் அசைவம் உண்பவர்கள். அதை மறைத்துப் பேசினால் உங்கள் வகுப்பிலேயே இருக்கும் இன்னொரு தமிழ் மாணவரின் வீட்டை இல்லாமல் ஆக்குகிறீர்கள்.

தன் வீட்டு வரலாறு தெரியாமல் போவது

முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி வரும்: “உங்களுக்கு ஏன் இந்தி பிடிக்காது?” கோபப்படுவதும் தவறு, அசட்டுச் சிரிப்போடு நழுவுவதும் தவறு. கேட்பவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் தேதிகளோடு கூடிய வரலாறு இருக்கிறது. ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து எழுந்த போராட்டம், 1939இல் சிறைப்பட்டிருந்த நிலையில் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும், 1965இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தது, 1967இல் ஆங்கிலம் தொடர வழிசெய்து ஆட்சிமொழிச் சட்டத்துக்கு வந்த திருத்தம், 1968 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம். இந்தி பேசுபவர் மீதான வெறுப்பு வேறு, திணிப்புக்கு எதிர்ப்பு வேறு என்பதை இந்த வரிசையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டே இந்தியையும் ஆசையாகக் கற்கலாம். கற்கத்தான் வேண்டும் என்பேன். டீக்கடைக்காரரோடும் விடுதிப் பணியாளரோடும் பேசாமல் எந்த ஊரும் பிடிபடாது.

இலக்கியத்திலும் இந்தக் குறை இருக்கிறது. 2021இல் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் தலித் எழுத்தாளர்கள் பாமா, சுகிர்தராணி இருவரின் எழுத்துகளும் நீக்கப்பட்டன. வங்காள எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் கதையும் அதோடு போனது. எதிர்ப்பு நாடெங்கும் எழுந்தது. வங்காள மாணவி ஒருத்தி வந்து, “பாமாவில் எதிலிருந்து தொடங்கலாம்?” என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டாமா? சங்கப் பாட்டின் பெருமையை மட்டும் பேசிவிட்டு, சேரியிலிருந்து எழுந்த குரலைப் படிக்காமலே இருப்பது அரைகுறைத் தமிழறிவு.

தில்லித் தமிழர் என்றாலும் நமக்கு நினைவுக்கு வருவது ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் முருகன் கோயில், 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம், அரசு அதிகாரிகள். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி ‘மதராஸி கேம்ப்’ என்ற குடியிருப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்து வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்தவர்களின் வீடுகள். நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதி பெற்றவர்கள் 189 குடும்பங்கள். அதுவும் நகரின் வட கோடியில், நரேலாவில். வேலை செய்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகளின் பள்ளியிலிருந்தும் வெகுதூரம். தமிழ் அடையாளம் பற்றிக் கல்லூரியில் மேடையேறிப் பேசுகிறவர்கள் இவர்களைப் பற்றியும் நாலு வார்த்தை பேச வேண்டும்.

சிறு தவறுகள் சில

தமிழ்க் கூட்டத்துக்குள்ளேயே அடைந்து கிடப்பது. அதற்கு நேர்மாறாக, தமிழில் பேசினால் மதிப்புக் குறையும் என்று அறைக்குள்ளும் ஆங்கிலம் பேசுவது. ஆண்டுக்கொரு ‘பாரம்பரிய உடை நாள்’ கொண்டாடிவிட்டால் பிற பண்பாடுகளை அறிந்தாயிற்று என்று நினைப்பது. வகுப்பில் இருக்கும் ஒரே காஷ்மீர் மாணவரிடம், பழகிய முதல் வாரத்திலேயே அங்குள்ள அரசியலைப் பற்றிக் கருத்துக் கேட்பது. ஊருக்கே பதில் சொல்லும் பொறுப்பை அவர் தலையில் யாரும் வைக்கவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஓர் இடம் சொல்கிறேன். மண்டி ஹவுஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் ரவீந்திர பவன். சாகித்ய அகாதெமி அங்கேதான் இருக்கிறது, நூலகத்தோடு. 24 மொழிகளின் இலக்கியத்துக்கான அமைப்பு அது. மொழிபெயர்ப்புகளையும் அதுவே வெளியிடுகிறது. உங்கள் அறைத்தோழரின் மொழியிலிருந்து வந்த கதை நூல் ஒன்றைத் தேடி எடுங்கள். படித்துவிட்டு, அதில் வரும் ஊர் அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். “எங்கள் பக்கம் அப்படி இல்லை” என்று அவர் மறுத்தால், எப்படி என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.