குலுங்கினாலும் விழாத பாட்டில் தாங்கி: மிதிவண்டிக்குத் தேர்ந்தெடுக்கும் முறை

பாட்டில் தாங்கி வாங்கக் கடைக்குப் புறப்படும் முன், வழக்கமாகக் கொண்டுசெல்லும் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிச் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். 750 மி.லி. கொள்ளும் பிளாஸ்டிக் பாட்டில் நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 830 முதல் 850 கிராம் வரை இருக்கும். 65 கிராம் எடையுள்ள சாதாரண அலுமினியத் தாங்கிக்கும், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள 25 கிராம் கார்பன் தாங்கிக்கும் உள்ள வேறுபாடு 40 கிராம் மட்டுமே. வழியில் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தாலே அந்த எடை வண்டியிலிருந்து இறங்கிவிடும். எடையைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ வண்டியை மிதித்து ஏறுபவர்கள் ஒவ்வொரு கிராமையும் எண்ணுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிடிமானத்தை முதலிலும் எடையை அதற்குப் பின்னரும் வைத்துத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த வரிசையை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டி நாலைந்து பேராகச் சென்றுகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், வண்ணம் பூசாத வேகத்தடை ஒன்றில் என் வண்டி தூக்கிப் போட்டதும் பாட்டில் துள்ளி வெளியேறி, பின்னால் வந்த நண்பரின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி உருண்டது. அவர் விழவில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2018-இல் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தை வென்ற பிரிட்டன் வீரர் கெரைன்ட் தாமஸ், 2020 அக்டோபரில் இத்தாலியில் நடந்த ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தின் 3-ஆம் கட்டத்தில், சிசிலித் தீவின் என்னா நகரில், பந்தயம் முறையாகத் தொடங்கும் முன்பே சாலையில் கிடந்த ஒரு தண்ணீர் பாட்டிலில் சக்கரம் ஏறி விழுந்தார். அன்றைய கட்டத்தை வலியோடு ஓட்டி முடித்தாலும், இடுப்பெலும்பு முறிந்திருப்பது தெரியவந்ததால் மறுநாள் போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. தாங்கியின் பிடி என்பது நம் தாகத்தைப் பற்றியது மட்டுமன்று. பின்னால் வருபவரின் பாதுகாப்பையும் பற்றியது.

தாங்கியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. பாட்டிலும் தாங்கியும் சேர்ந்த ஓர் இணையையே நாம் தேர்ந்தெடுக்கிறோம். மிதிவண்டிக்கென்றே செய்யப்படும் மென்மையான பிளாஸ்டிக் பாட்டில்களின் விட்டம் பெரும்பாலும் 73 அல்லது 74 மி.மீ. இருக்கும். அவற்றின் மேற்பகுதியில், கழுத்துக்குச் சற்றுக் கீழே, சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். சந்தையில் உள்ள பெரும்பாலான தாங்கிகள் இந்த விட்டத்தையும் இந்தப் பள்ளத்தையும் மனத்தில் கொண்டே வார்க்கப்படுகின்றன. நம் வீடுகளில் புழங்கும் எவர்சில்வர் பாட்டிலுக்குப் பள்ளம் இருப்பதில்லை. பல பாட்டில்கள் சற்றே ஒல்லியாகவும் இருப்பதால், பொருத்தியவுடன் இறுக்கமாகத் தோன்றினாலும் பத்துக் கிலோமீட்டருக்குள் கடகடவென்று ஆடத் தொடங்கி, தாங்கியையும் தேய்த்துவிடும். பெட்டிக்கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோ தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறுபடும். அதன் மெல்லிய சுவர் பாதி தண்ணீர் குறைந்ததும் நெளிந்து பிடியிலிருந்து நழுவும். அத்தகைய பாட்டில்களையே கொண்டுசெல்ல வேண்டும் என்பவர்கள், விட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்புள்ள தாங்கியை வாங்க வேண்டும். மற்றவர்கள் கடைத் தண்ணீரை வாங்கி மிதிவண்டிப் பாட்டிலில் ஊற்றிக்கொள்வதே நல்லது. 200 கி.மீ. பிரவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டங்களில் அனுபவமுள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

கடையில் தாங்கியைக் கையில் எடுத்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். பாட்டிலின் பள்ளத்தில் வந்து அமரும் மேல்நாக்கு, பக்கங்களில் அணைத்துப் பிடிக்கும் கைகள், பாட்டிலின் அடியைத் தாங்கும் கீழ் விளிம்பு ஆகியவையே அவை. பக்கக் கைகள் பாட்டில் ஆடாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் குழியில் சக்கரம் இறங்கும்போது பாட்டில் மேல்நோக்கித் துள்ளுவதைத் தடுப்பது பெரும்பாலும் அந்த மேல்நாக்குதான். ஆகவே நாக்கு ஆழமாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். கீழ் விளிம்பு சரியான இடத்தில் இல்லையென்றால் பாட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கி, நாக்கு பள்ளத்தில் உட்காராமல் போய்விடும். சொந்தப் பாட்டிலைத் தண்ணீரோடு கடைக்கு எடுத்துச் சென்று, தாங்கியில் செருகி, தலைகீழாகப் பிடித்து நான்கைந்து முறை உதறிப் பார்ப்பதில் கூச்சமே வேண்டாம். செருகும்போது 'டக்' என்று அமர்வதும், எடுக்கும்போது ஒரே கையால் சற்று அழுத்தி இழுத்தால் வருவதும் நல்ல தாங்கியின் அடையாளம். இரண்டு கைகளும் தேவைப்படும் அளவுக்கு இறுக்கமான தாங்கியும் ஆபத்தே, ஏனெனில் ஓட்டுபவரின் கண் சாலையை விட்டு அகன்றுவிடும்.

இனி, எதனால் செய்த தாங்கி என்பது. அலுமினியத் தாங்கி மலிவு, எங்கும் கிடைக்கும், பெரும்பாலும் 40 முதல் 70 கிராம் வரை இருக்கும். பிடி தளர்ந்தால் கையாலேயே உள்நோக்கி வளைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் அலுமினியம் திரும்பத் திரும்ப வளைவதைப் பொறுக்காது. அடிக்கடி வளைத்தால் பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டு ஒருநாள் ஒடிந்துவிடும். பூச்சு இல்லாத அலுமினியம் பாட்டிலில் கருமையான தடத்தையும் விட்டுச்செல்லும். கண்ணாடியிழை கலந்த நைலான் தாங்கிகள் 35 முதல் 50 கிராம் வரை எடையுள்ளவை. அவை வளைந்து கொடுத்துப் பழைய வடிவத்துக்குத் திரும்பும், ஓசை குறைவு, பாட்டிலைக் கீறாது. நம் ஊர்ச் சாலைகளில் அன்றாடம் ஓட்டுபவருக்கு, விலை, எடை, பிடிமானம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இதைவிடப் பொருத்தமான வகை இல்லை என்பது என் கருத்து. கார்பன் தாங்கி 20 முதல் 30 கிராமுக்குள் அடங்கும். நன்றாக வார்க்கப்பட்டது அருமையாகப் பிடிக்கும். ஆனால் பெயரில்லாத மலிவான கார்பன் தாங்கிகளில் நாக்கு மெலிந்து, கைகள் அகன்று இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கார்பனை வளைத்துத் திருத்த வழியே இல்லை.

நீண்ட பயணக்காரர்கள் விரும்பும் இன்னொரு வகை, உள்ளீடற்ற மெல்லிய எஃகு அல்லது டைட்டானியக் குழாயை வளைத்துச் செய்வது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டுராங்கோ நகரில் கையால் செய்யப்படும் கிங் கேஜ் தாங்கிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: துருப்பிடிக்காத எஃகில் 48 கிராம், டைட்டானியத்தில் 28 கிராம். பாட்டிலில் கறை படியாது, வளைத்துத் திருத்தலாம், பல ஆண்டுகள் உழைக்கும், விலைதான் கசக்கும்.

வைத்திருக்கும் தாங்கியையே இறுக்கமாக்கவும் ஒரு வழி உண்டு. வடக்கு பிரான்சில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில், 50 கி.மீ.க்கும் அதிகமான தொலைவு கருங்கல் பாவிய கரடுமுரடான பாதை. அங்கே அணிகளின் மெக்கானிக்குகள் தாங்கியின் உட்புறத்தில் ஸ்கேட்போர்டில் ஒட்டும் சொரசொரப்பான பட்டையை வெட்டி ஒட்டுகிறார்கள். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டும் இதே வேலையைச் செய்யும்; கூடும் எடை இரண்டு மூன்று கிராம்தான்.

அடுத்து வண்டியின் சட்டகத்தைக் கவனியுங்கள். தாங்கிக்கான இரண்டு துளைகளுக்கும் இடையே 64 மி.மீ. இருப்பது ஏறக்குறைய எல்லா வண்டிகளுக்கும் பொதுவானது. எனவே துளை பொருந்துமா என்ற கவலை வேண்டாம். இடம் போதுமா என்பதே கேள்வி. சிறிய சட்டகத்தில் மேலிருந்து நேராகச் செருகும் தாங்கியைப் பொருத்தினால், பாட்டில் மேற்குழாயில் இடித்து வெளியே வராது. அத்தகைய வண்டிகளுக்குப் பக்கவாட்டில் இழுக்கும் தாங்கி தேவை; எந்தக் கையால் எடுப்பீர்களோ அந்தப் பக்கம் திறப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் பொருத்துவதைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். அங்கே அதிர்வு மிக அதிகம், பாட்டில் தெறித்து விழுந்தாலும் தெரியாது. கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் பொருத்தினால் சேறும் மணலும் பாட்டிலின் வாயில் அப்பும், பிடிமானத்துக்கு ஒரு பட்டையும் கட்டியாக வேண்டும். துளையே இல்லாத பழைய வண்டிகளுக்குக் குழாயைச் சுற்றி இறுக்கும் கவ்விகள் கிடைக்கின்றன. வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் வைத்துச் சிறிய பாட்டிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பொருத்தும் வேலை எளிது, ஆனால் அவசரப்படக் கூடாது. 5 மி.மீ. விட்டமுள்ள எம்5 போல்ட்டுகளே எங்கும் பயன்படுகின்றன. பெரும்பாலும் 4 மி.மீ. ஆலன் கீ போதும். மரையில் சிறிதளவு கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலால் மட்டுமே திருகுங்கள். கோணலாக ஏறினால் மரை அழிந்துவிடும். பிறகு இரண்டையும் மாறி மாறி இறுக்க வேண்டும். 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதுமானது. கார்பன் சட்டகமென்றால் தயாரிப்பாளர் குறித்த அளவை மீறக் கூடாது. கூடுதல் பலத்தோடு முறுக்கினால், சட்டகத்துக்குள் பதித்த மரைத்துண்டு தன்னிடத்திலேயே சுழலத் தொடங்கும். அதைச் சரிசெய்யும் செலவு தாங்கியின் விலையை மிஞ்சும். சட்டகத்துக்குள்ளே கேபிள் ஓடும் வண்டிகளில் நீளமான போல்ட் அதை உரசக்கூடும் என்பதால், பழைய போல்ட்டின் நீளத்தையே பின்பற்றுங்கள்.

பொருத்தியதும் நிரம்பிய பாட்டிலைச் செருகி, முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் பத்து முறை போடுங்கள், பின்சக்கரத்தையும் அவ்வாறே. பாட்டில் ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தாலும் அந்த இணை உங்கள் சாலைக்கு உதவாது. தேறியதென்றால், முதல் 50 கி.மீ. ஓடிய பின் போல்ட்டுகளை ஒருமுறை சோதித்து, தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை வண்டியைக் கழுவும்போது, போல்ட் துளையைச் சுற்றியும் கைகள் பிரியும் மூலையிலும் நகத்தால் வருடிப் பாருங்கள். விரிசல் நகத்தில் தட்டுப்பட்டால், புதிய தாங்கி வரும்வரை அந்த இடத்தில் பாட்டில் வைக்காமல், தண்ணீரை மிதிவண்டிச் சட்டையின் முதுகுப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.