பிள்ளைகள் கையில் உதவி நிதி

ரப்பர் தோட்ட ஆபீசில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன் நான். இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 4, 5 (பதினாறு, பதினேழு வயது) படிக்கும் பன்னிரண்டு பிள்ளைகள் ஓர் உதவி நிதி நடத்துகிறார்கள். ஊர்க்காரர்கள் விண்ணப்பித்தால், யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்வார்கள். நான் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் தொடங்க நினைத்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

முதலில் பணம். பழைய தோட்டத்து ஆட்கள் இருபத்தைந்து பேர் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) தருகிறார்கள். வருடத்துக்கு 3,000. "வெறும் பத்து வெள்ளியா தாத்தா?" என்று ஒரு பையன் சிரித்தான். இந்த ஊர்க்காரரும் அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் சேர்த்தார், அந்தக் காசில் தோட்டமே வாங்கினார்கள் என்றேன். ஆனால் பிள்ளைகளை உண்டியலோடு வீடு வீடாக அனுப்பாதீர்கள். அதற்குப் போலீஸ் உரிமம் வேண்டும். 1947ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. வங்கிக் கணக்கு பெரியவர்கள் மூவர் பெயரில் இருக்கட்டும். காசோலையில் கையெழுத்துப் போடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது, ஓட்டு கிடையாது.

விண்ணப்பம் அரைப் பக்கம் போதும். என்ன வாங்கப் போகிறீர்கள், என்ன விலை, யாருக்குப் பயன்?

முதல் வருடம் பதினொரு விண்ணப்பம் வந்தது. பிள்ளைகள் உடனே கால்குலேட்டரைத் தட்டி, ஆளுக்கு 272 வெள்ளி என்று பங்கு போட்டுவிட்டார்கள். யாருக்கும் மனக்கசப்பு வரக்கூடாதாம். எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். தப்பு என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு தாளையும் சத்தமாகப் படித்து, 272 வெள்ளியில் இவர் என்ன வாங்குவார் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். ஓர் அக்கா பழைய தையல் மெஷினுக்கு 650 கேட்டிருந்தார். 272க்கு மெஷினில் பாதிகூட வராது. அறையில் பேச்சே இல்லை. என் நாக்கு அரித்தது. எழுந்து போய் ஒரு தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது நான்கு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், மெஷின் உட்பட.

இரண்டாம் வருடம் என் நாக்கு அடங்கவில்லை. ஒரு விண்ணப்பத்தைப் பார்த்து, "அவர் வீட்டுக்காரர் குடிப்பார்" என்று முணுமுணுத்துவிட்டேன். பிள்ளைகள் அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அந்த மனிதர் குடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் பெயரைச் சொன்னால் மூன்று தலைமுறைக் கதையும் கூடவே வரும். அதனால் இப்போது விண்ணப்பத்தில் எண் மட்டும். பெயர்கள் என் மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கும். சொந்தக்காரர் விண்ணப்பம் வந்தால் அந்தப் பிள்ளை வெளியே போக வேண்டும். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்களில் யார்தான் சொந்தமில்லை? ஆகவே ஒரே வீட்டில் சோறு சாப்பிடுபவர் என்று வரம்பு வைத்தோம்.

இல்லை என்று சொல்வதுதான் கடினம். "பரிசீலிக்க இயலவில்லை" என்ற வாசகத்தைத் தடை செய்துவிட்டேன். ஏன் கிடைக்கவில்லை, அடுத்த முறை எதைத் தெளிவாகச் சொல்லலாம் என்று கையால் நாலு வரி எழுதி, இரண்டு பேர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் பிள்ளை அழுதுவிட்டாள். அந்த வீட்டு அம்மாதான் அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து வாங்கிய பொருளைப் போய்ப் பார்க்கட்டும். படம் எடுக்க வேண்டாம். உதவி வாங்கியவரை நிற்கவைத்துப் படம் பிடிப்பது எனக்குப் பிடிக்காது.

கணக்கு மட்டும் தோட்டத்தில் நான் ஆள்வரவும் சம்பளமும் எழுதிய செக்ரோல் புத்தகத்து முறைதான். அன்றன்றைக்கே, மையில். தப்பினால் ஒற்றைக் கோடு, அழிக்கக்கூடாது. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு நெருங்கினால் படிவம் 5 பிள்ளைகள் வரமாட்டார்கள். செயலாளர் படிவம் 4இலேயே இருக்கட்டும். புத்தகம் வாங்கும்போது தடிமனாக வாங்குங்கள். எங்களுடையது இரண்டாம் வருடமே தீர்ந்து, நூல் போட்டுத் தைத்து வைத்திருக்கிறோம்.