பழைய டிராக்டருக்கு இன்ஜின் ஆயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டிராக்டர் வாங்கியதும் பலரும் முதலில் ஆயில் மாற்றுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் எந்த ஆயில் என்று முடிவு செய்யும்போது புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒரே தவறுகளில்தான் போய் விழுகிறார்கள். டிப்ஸ்டிக் பார்க்காமல் ஓட்டுவது, ட்ரெயின் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விடுவது போன்றவற்றை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரளவு விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

பிரஷர் குறைந்தால் கெட்டி ஆயில் ஊற்றுவது

இன்றும் எரிச்சல் தரும் தவறு இதுதான். செலவும் இதில்தான் அதிகம்.

இன்ஜின் சூடேறியதும் ஆயில் பிரஷர் கேஜின் முள் இறங்குகிறது, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) ஆயில் லைட் மினுக்குகிறது. உடனே யாராவது, “வண்டி பழசு, 15டபிள்யூ-40 தாங்காது, 20டபிள்யூ-50 ஊற்று” என்பார்கள். (எண் பெரிதானால் ஆயில் கெட்டி.) ஆயிலைக் கெட்டியாக்கும் டப்பா மருந்தையும் சிலர் சேர்ப்பார்கள். முள் ஏறிவிடும். வண்டிக்காரரும் கோளாறு சரியாகிவிட்டது என்று உழவுக்குப் போய்விடுவார்.

சரியாகவில்லை. பேரிங்குக்கு எவ்வளவு ஆயில் போய்ச் சேர்கிறது என்பதைக் கேஜ் காட்டாது. ஆயில் ஓடும் வழியில் உள்ள தடையைத்தான் காட்டும். கெட்டி ஆயிலுக்குத் தடை அதிகம், அதனால் முள் மேலே நிற்கிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பிரஷர் எகிறி, அதிகப் பிரஷரை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறக்கும். பம்ப் தள்ளிய ஆயிலில் ஒரு பங்கு சம்ப்புக்கே (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) திரும்பிவிடும். ஃபில்டரின் பைபாஸ் வால்வும் திறந்துகொண்டால் வடிகட்டாத ஆயில்தான் பேரிங்குக்குப் போகும். இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரைக் கழற்றி வைத்துவிட்டு, குளிர்ந்த இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் துளையில் ஆயில் கசிந்து வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கண்ணாலேயே தெரியும். அதுவரை ராக்கர் ஷாஃப்ட் உலர்ந்துதான் ஓடுகிறது.

பிரஷர் இறங்கக் காரணங்கள் வேறு: கிராங்க் ஷாஃப்டில் உள்ள தேய்ந்த மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங், கசடு அடைத்த ஸ்ட்ரெயினர் (ஆயில் பம்ப்புக்கு முன்னுள்ள சல்லடை), காற்றை இழுக்கும் சக்ஷன் பைப் ஓ-ரிங், தளர்ந்த ரிலீஃப் ஸ்பிரிங், டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில். கெட்டி ஆயில் இவற்றில் எதையும் சரிசெய்யாது, மறைத்து வைக்கும். பேரிங் ஷெல் மாற்றியதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கிராங்க் ஷாஃப்டைக் கடைசல் பிடிப்பது வரை போவது இப்படித்தான்.

பிரஷர் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். அரை மணி நேரமாவது சுமையோடு ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலிலும் முழு வேகத்திலும் அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். மேனுவல் கிடைக்காவிட்டால், 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அளவு சரியாக இருந்தால் கோளாறு பழைய கேஜிலோ சென்சாரிலோதான். குறைவாக இருந்தால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, மட்டமும் தானாக ஏறியிருந்தால் ஃபீட் பம்ப் டயாஃப்ரம், இன்ஜெக்டர், பம்ப் சீல் மூன்றையும் சோதியுங்கள். வாடை இல்லையென்றால் சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெயினரையும் பேரிங் ஷெல்லையும் பார்க்க வேண்டியதுதான். ஷெல்லின் சாம்பல் நிறப் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தால் அது முடிந்துவிட்டது.

மேனுவலின் வெப்பநிலை அட்டவணை கடும் வெயிலுக்கு 20டபிள்யூ-50 அல்லது எஸ்ஏஇ 40 அனுமதித்தால் தாராளமாக ஊற்றலாம். அது தட்பவெப்பத்துக்கான தேர்வு, தேய்மானத்துக்கு மருந்தல்ல.

கேனில் கிரேடை மட்டும் படிப்பது

15டபிள்யூ-40 என்பது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும் சொல்லும். ஆயிலின் தரத்தைச் சொல்லும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) குறியையும் பாருங்கள். டீசல் இன்ஜினுக்கு ‘சி’யில் தொடங்குவது வேண்டும். ‘எஸ்’ பெட்ரோலுக்கு. பழைய மேனுவல் கேட்கும் சிடி, சிஎஃப்-4 இப்போது வழக்கொழிந்தவை. அவற்றின் இடத்தில் சிஹெச்-4, சிஐ-4 ஊற்றலாம். சிகே-4 ஊற்றலாம் என்றாலும், கந்தகம் அதிகமுள்ள டீசல் போடுகிற இடத்தில் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். எஃப்ஏ-4 மெல்லிய ஆயில், புது வகை இன்ஜின்களுக்கானது. பழைய டிராக்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மிச்சமிருக்கும் பைக் ஆயிலை ஊற்றுவது

டீசல் கரியைத் தாங்க அது செய்யப்படவில்லை.

முன்கதை தெரியாத இன்ஜினில் ஆயில் மாற்றாமல் ஒரே தாவாக 250 மணி நேரம் ஓட்டுவது

வருடக்கணக்கில் படிந்த கசடைப் புது ஆயிலிலுள்ள டிடர்ஜென்ட் கரைத்துக் கிளப்பும். ஆயில் சீக்கிரமே கறுக்கும். அதைப் பார்த்து ஆயில் தரமில்லாதது என்று முடிவுகட்டாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் கிளம்பிய கசடு ஃபில்டரையும் ஸ்ட்ரெயினரையும் அடைக்கும். முதல் முறை 50 மணி நேரத்தில், அடுத்து 100 மணி நேரத்தில், இரண்டு முறையும் ஃபில்டரோடு மாற்றுங்கள். பிறகு மேனுவல் சொல்லும் இடைவெளிக்குப் போகலாம். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி இன்ஜினை ஓட்டிக் கழுவுவது வேண்டவே வேண்டாம். பேரிங் கெட அந்தச் சில நிமிடமே போதும்.

எல்லா இடத்துக்கும் ஒரே கேன்

ஆயிலில் ஊறும் பிரேக்கும் ஹைட்ராலிக்கும் கியர் ஆயிலைப் பகிர்ந்துகொள்ளும் டிராக்டரில், அதற்கென்று உள்ள டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் போக வேண்டும். ஆயில் பாத் ஏர் கிளீனரில் பொதுவாக இன்ஜின் ஆயிலே போகும், ஆனால் கோட்டோடு நிறுத்துங்கள். கோட்டைத் தாண்டினால் இன்ஜின் அந்த ஆயிலை இழுத்து, ஸ்டாப் பட்டனுக்கும் நிற்காமல் தறிகெட்டு ஓடலாம். சில இன்லைன் டீசல் பம்ப்புகளுக்குத் தனி ஆயில் அறை உண்டு. அதைத் திறந்து பார்ப்பவர்கள் அபூர்வம்.

மேக்ஸ் கோட்டுக்கு மேல் அரை லிட்டர்

சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை பேரிங்கைத் தாங்காது.

மாற்றியதும் நேரே ஸ்டார்ட் செய்வது

ஃபில்டர் நேராகத் தொங்கும் வகையென்றால் ஆயில் நிரப்பி, ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி மாட்டுங்கள். ட்ரெயின் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர். ஸ்டாப் பட்டனை இழுத்துப் பிடித்தபடி, கேஜ் முள் அசையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள், ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். பிறகு ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து, சமதரையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். ஹவர் மீட்டர் எண்ணையும் ஆயில் கிரேடையும் ஃபில்டர் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.